'சார், பிளக் மாத்திடலாமா?' - காரின் ஸ்பார்க் பிளக்கை எப்போது மாற்ற வேண்டும்?

சனிக்கிழமை காலை காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பீர்கள். பதினோரு மணிக்கு சர்வீஸ் அட்வைசரிடம் இருந்து போன். "சார், வீல் அலைன்மென்ட் பண்ணிடலாம், ஏசி ஃபில்டர் அழுக்கா இருக்கு, அப்புறம் ஸ்பார்க் பிளக் நாலும் மாத்திடலாமா?" முதல் இரண்டுக்கும் ஏதோ ஒரு பதில் வாயில் வந்துவிடும். மூன்றாவதற்கு? 'எதுக்கும் மாத்திடுங்க' என்பவர்கள் உண்டு. 'காசு பிடுங்கப் பார்க்கிறாங்க' என்று மறுப்பவர்களும் உண்டு. இரண்டு பதிலுமே தப்பாகப் போகலாம்.

தேவையில்லாமல் மாற்றினால் சில நூறில் இருந்து சில ஆயிரம் ரூபாய் வரை வீண். மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாமல் விட்டாலோ, பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள வேறொரு பாகம் காலியாகலாம். அந்த போனுக்குச் சரியான பதில் சொல்ல இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். இப்போது காரில் இருக்கும் பிளக் எந்த வகை? அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? சிக்கல் என்னவென்றால், சொந்தக் காரைப் பற்றியே பலருக்கு இந்த இரண்டும் தெரிவதில்லை.

ஒரு மணி நேரத்தில் 60 ஆயிரம் பொறி

முதலில் ஒன்று. உங்களுடையது டீசல் கார் என்றால் இந்தக் கேள்வியே வந்திருக்கக் கூடாது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதில் இருக்கும் குளோ பிளக் வேறு பொருள், அதற்கு வேலையும் வேறு. எலெக்ட்ரிக் காரில் பற்றவைக்க எதுவுமே இல்லை. பெட்ரோல், சிஎன்ஜி, ஹைபிரிட் கார்களுக்குத்தான் இந்தக் கதை.

சமையலறையில் கேஸ் லைட்டர் 'டிக்' என்று அடித்ததும் அடுப்பு பற்றுகிறது அல்லவா, பிளக்கின் வேலையும் ஏறக்குறைய அதுதான். நடுவில் ஒரு மெல்லிய உலோக முனை. அதற்கு எதிரே கொக்கி போல வளைந்து நிற்கும் இன்னொரு முனை. இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே ஒரு சின்ன இடைவெளி. மெக்கானிக்குகள் இதைத்தான் 'கேப்' என்பார்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்க, அந்தக் கேப்பைத் தாண்டி மின்பொறி பாய்கிறது. சிலிண்டரில் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை பற்றிக்கொள்கிறது. வண்டி நகர்கிறது.

எத்தனை முறை? நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு பிளக் ஒரு முறை பொறி அடிக்கும். இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 1,000 பொறி. ஒரு மணி நேரத்துக்கு 60 ஆயிரம். சராசரி 40 கி.மீ. வேகத்தில் 40,000 கி.மீ. ஓட்ட 1,000 மணி நேரம் ஆகும். அதற்குள் ஒவ்வொரு பிளக்கும் 6 கோடி முறை அடித்து முடித்திருக்கும்.

ஒவ்வொரு பொறியும் முனையில் இருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைத் தின்றுவிட்டுத்தான் போகிறது. ஓரம் மழுங்குகிறது, கேப் மெல்ல அகலமாகிறது. அகலமான கேப்பைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும், அதைக் கொடுக்க காயில் இன்னும் கஷ்டப்பட வேண்டும். ஒரு கட்டத்தில் சில பொறிகள் அடிக்காமலே போகும். நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில், 'வண்டி மிஸ்ஸிங் அடிக்குது'.

நிக்கலா, இரிடியமா?

'பிளக்கை எத்தனை கிலோமீட்டரில் மாற்றணும்' என்று நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பதில் வருவதற்குக் காரணம் இந்த உலோக விவகாரம்தான். 20 ஆயிரம் என்பவரும் ஒரு லட்சம் என்பவரும் தத்தம் காரைப் பொறுத்தவரை சரியாகவே சொல்லியிருக்கலாம்.

சாதாரண பிளக்கின் முனை நிக்கல் கலவையால் ஆனது. சிலர் இதை 'காப்பர் பிளக்' என்றும் சொல்வார்கள். உள்ளே சூட்டைக் கடத்தும் கம்பிதான் செம்பு, பொறி அடிக்கும் முனை நிக்கல்தான். நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும். பிளாட்டினம் 1,768 டிகிரி வரை தாங்கும். இரிடியம் உருக 2,446 டிகிரி வேண்டும். அந்த அளவுக்கு உறுதியான உலோகம் என்பதால் இரிடியம் பிளக்கின் முனையை மிக மெல்லியதாகச் செய்ய முடிகிறது. நிக்கல் முனை சுமார் 2.5 மி.மீ. தடிமன் என்றால், இரிடியம் முனை 0.4 முதல் 0.6 மி.மீ. மட்டுமே. முனை கூர்மையானால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி பாயும், காயிலுக்கும் சுமை குறைவு.

பொதுவாக நிக்கல் பிளக்கின் ஆயுள் 30,000 முதல் 40,000 கி.மீ. வரை. இரிடியம் பிளக் 80,000-ல் இருந்து ஒரு லட்சம் கி.மீ. வரை தாங்கும். பிளாட்டினம் இரண்டுக்கும் நடுவில். விலையும் அதே மாதிரிதான். நிக்கல் பிளக் ஒன்று ஏறக்குறைய ரூ.100 முதல் ரூ.250-க்குள் முடிந்துவிடும். இரிடியம் ரூ.500-ல் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும்.

பெட்டியில் 'இரிடியம்' என்று பார்த்ததும் ஒரு லட்சம் கி.மீ. என்று கணக்குப் போட்டுவிட வேண்டாம். சில பிளக்குகளில் நடு முனை மட்டும்தான் இரிடியம், எதிரே இருக்கும் கொக்கி சாதா நிக்கல். அந்தக் கொக்கி சீக்கிரம் தேயும் என்பதால் மொத்த பிளக்கின் ஆயுளும் குறையும். இரண்டு பக்கமும் இரிடியமோ பிளாட்டினமோ இருக்கும் பிளக்குகள்தான் அவ்வளவு தூரம் ஓடுபவை. கம்பெனியில் இருந்து இரிடியத்தோடு வரும் கார்களில் பெரும்பாலும் இந்த வகைதான் இருக்கும்.

மேனுவலில் எங்கே பார்ப்பது?

கிளவ் பாக்ஸில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலுக்கு இப்போது வேலை. கடைசிப் பக்கங்களில் 'மெயின்டனன்ஸ் ஷெட்யூல்' என்று ஒரு அட்டவணை இருக்கும். அதில் ஸ்பார்க் பிளக் வரிசையைப் பாருங்கள். சில மேனுவல்களில் நிக்கலுக்கு ஒரு கணக்கு, இரிடியத்துக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகவே போட்டிருப்பார்கள். மேனுவல் தொலைந்துவிட்டால் கார் கம்பெனியின் இணையதளத்திலோ ஆப்பிலோ தேடிப் பார்க்கலாம்.

அந்த அட்டவணையில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் மாதக் கணக்கும் இருந்தால், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. 'வண்டி வீட்லயேதான் நிக்குது, அஞ்சு வருஷத்துல 18 ஆயிரம்தான் ஓடியிருக்கு' என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தினமும் இரண்டு கி.மீ. ஓட்டி, இன்ஜின் முழுசாகச் சூடாகும் முன்பே ஆஃப் செய்வது பிளக்குக்கு நல்லதல்ல. பிளக் முனை சுமார் 450 டிகிரியைத் தொட்டால்தான் அதன் மேல் படியும் கரி தானாக எரிந்து சுத்தமாகும். அந்தச் சூட்டை எட்டாமலே ஓடும் வண்டியில் கரி படிந்துகொண்டே போகும்.

டிராஃபிக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேலே போட்ட 6 கோடிக் கணக்கு 40 கி.மீ. சராசரி வேகத்துக்கு. ஓஎம்ஆரிலும் கிண்டியிலும் ஊர்ந்து சராசரி வேகம் 20 கி.மீ. ஆனால், அதே 40,000 கி.மீ. ஓட 2,000 மணி நேரம் ஆகும். இன்ஜின் சராசரியாக 1,500 ஆர்பிஎம்மில்தான் ஓடியது என்றாலும் பொறி 9 கோடி. ஓடோமீட்டர் சிக்னலில் நின்ற நேரத்தைக் காட்டாது, பிளக் அதையும் சேர்த்தே உழைத்திருக்கும். 'கடினமான சூழலில் ஓட்டுபவர்கள் முன்கூட்டியே மாற்றவும்' என்று பல மேனுவல்கள் தனி அட்டவணை போடுவது இதற்காகத்தான். நகர டிராஃபிக்கில் மட்டுமே ஓடும் கார் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் வரும்.

சிஎன்ஜி கார் என்றால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம். சிஎன்ஜி-காற்றுக் கலவையைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்ட் தேவை. அதனால் தேய்மானமும் கூடும். டர்போ பெட்ரோல் இன்ஜின்களிலும் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். இந்த இரண்டு வகை கார் ஓனர்களும் பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கைப் பின்பற்றாமல் தங்கள் மேனுவலைப் பார்ப்பதே நல்லது.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் கவனிக்க

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். ஐந்து வருடம் பழைய கார் ஒன்றை வாங்குகிறீர்கள். ஓடோமீட்டர் 65,000 காட்டுகிறது. மேனுவலைப் புரட்டினால் 'இரிடியம் பிளக், 1,00,000 கி.மீ.' என்று இருக்கிறது. இன்னும் 35 ஆயிரம் இருக்கே என்று தோன்றும்.

முந்தைய ஓனர் 40 ஆயிரத்தில் ஏதோ ஸ்டார்ட்டிங் டிரபிளுக்காக வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கலாம். அங்கே நான்கு இரிடியம் பிளக்கையும் கழட்டிவிட்டு, விலை குறைவு என்று நிக்கல் பிளக் போட்டிருக்கலாம். கார் நன்றாகவே ஓடும், யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. மேனுவல் சொல்லும் ஒரு லட்சம் மட்டும் இனி அந்தக் காருக்குப் பொருந்தாது. அது தெரியாமல் ஒரு லட்சம் வரை காத்திருந்தால், 40 ஆயிரம் கி.மீ. ஆயுள் உள்ள பிளக்கை 60 ஆயிரம் ஓட்டியிருப்பீர்கள்.

தலைகீழாகவும் நடக்கும். நிக்கல் பிளக்கோடு வந்த காரில் முந்தைய ஓனர் ஆசைப்பட்டு இரிடியம் போட்டிருப்பார். நீங்கள் மேனுவலைப் பார்த்து, பாதி ஆயுள்கூட முடியாத பிளக்கைத் தூக்கிப் போடுவீர்கள்.

அதனால் சர்வீஸ் ரெக்கார்டு இல்லாமல் கார் வாங்கினால், முதல் சர்வீஸிலேயே ஒரு பிளக்கையாவது கழட்டி, வெள்ளைப் பீங்கானில் அச்சாகியிருக்கும் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கூகுளில் தட்டினால் அது நிக்கலா இரிடியமா என்று தெரிந்துவிடும். பிளக் எத்தனை கி.மீ. ஓடியது என்றே தெரியாத நிலையில், நிக்கலாக இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடலாம். நான்குக்கும் சேர்த்து ஒரு வார இறுதி பிரியாணி செலவுதான்.

செக் இன்ஜின் லைட் மினுக்கினால்...

பிளக் தேய்வது ஒரே நாளில் தெரியாது. காலையில் செல்ஃப் அடித்தால் டக்கென்று ஸ்டார்ட் ஆகும் வண்டி இரண்டு, மூன்று நொடி இழுக்கும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் லேசான உதறல். மூன்றாவது கியரில் மேம்பாலம் ஏறும்போது ஒரு திணறல். ஏசி போட்டால் பிக்கப் அடிபடும். இதெல்லாம் மெல்ல மெல்ல வருவதால், தினமும் ஓட்டுபவருக்குப் பழகிவிடும். ரொம்ப நாள் கழித்து ஓட்டும் தம்பியோ மச்சானோதான், 'என்னண்ணா வண்டி இப்படி இழுக்குது' என்று கேட்பார்.

மைலேஜ் குறையுமா? குறையும். ஆனால் 'பிளக் மாத்துனா மைலேஜ் 30 சதவீதம் ஏறும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். டியூனிங் கெட்டுப்போனது வெளிப்படையாகத் தெரியும் காரைச் சரிசெய்தால் சராசரியாக 4 சதவீதம் மைலேஜ் கூடலாம் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம். மைலேஜுக்காக மட்டும் பிளக்கை முன்கூட்டியே மாற்றுவதில் லாபம் இல்லை.

பயப்பட வேண்டிய விஷயம் வேறு. டேஷ்போர்டில் மஞ்சளாக இன்ஜின் படம் போட்ட லைட். அது நிலையாக எரிந்தால் சீக்கிரம் ஒர்க்‌ஷாப் போக வேண்டும். அதுவே விட்டுவிட்டு மினுக்கினால், இன்ஜின் கடுமையாக மிஸ்ஸிங் அடிக்கிறது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடும் அபாயம் இருக்கிறது என்று அர்த்தம்.

சைலன்சர் குழாயில், இன்ஜினுக்கு அருகே இருக்கும் பாகம் இந்த கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி நுண்துளைகள், அதன் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் பூச்சு. நச்சுப் புகையைச் சுத்திகரிப்பது இதன் வேலை. பிளக் பொறி அடிக்காத ஒவ்வொரு முறையும் எரியாத பெட்ரோல் நேராக இங்கே வந்து, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் கன்வெர்ட்டருக்குள் எரியத் தொடங்கும். சூடு எல்லை மீறினால் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். இதைப் புதிதாக மாற்ற பல கார்களில் பல்லாயிரம் ரூபாய் ஆகும். உள்ளே இருக்கும் உலோகங்களின் விலை அப்படி.

குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி இந்த லைட் மினுக்க ஆரம்பித்தால் 'இன்னும் 100 கிலோமீட்டர்தானே, ஊர் போய் பார்த்துக்கலாம்' என்று அழுத்தி ஓட்டக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். வண்டி உதறிக்கொண்டே இருந்தால் ரோட்சைடு அசிஸ்டன்ஸை அழைப்பதே மலிவான வழி.

மிஸ்ஸிங் என்றாலே பிளக் என்றும் முடிவு கட்ட முடியாது. காயில், இன்ஜெக்டர், சில சமயம் பிளக் குழிக்குள் இறங்கிய தண்ணீர் என எதுவும் காரணமாகலாம். மழைக்காலத்திலும், ஹை பிரஷரில் தண்ணீர் அடித்து இன்ஜின் வாஷ் செய்த பிறகும் வரும் மிஸ்ஸிங்குக்கு இந்தத் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஸ்கேனர் போட்டால் எந்த சிலிண்டர் என்று கோடு வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் போட்டு, கோடும் இரண்டாவதற்குத் தாவினால் குற்றவாளி காயில். தாவாவிட்டால் பிளக்கைக் கழட்டிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமலே 'பிளக், காயில் எல்லாமே போச்சு சார்' என்று எஸ்டிமேட் நீட்டினால் கேள்வி கேளுங்கள்.

பழைய பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்

மாற்றச் சொன்னால், கழட்டிய பிளக்குகளை சிலிண்டர் வரிசைப்படி வைத்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. அவை இன்ஜினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி. முனை இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் இன்ஜின் ஆரோக்கியம். உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது குறைந்த தூரமே ஓட்டுகிறீர்கள். எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் ஆயில் கசிகிறது, பிளக் மாற்றுவதால் மட்டும் அது தீராது. வெள்ளையாக வெளுத்து, கொப்புளம் தட்டியிருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அந்த சிலிண்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வெளியே தெரியும் வெள்ளைப் பீங்கானின் அடியில் பழுப்பு வளையம் ஒன்று இருந்தால் பதற வேண்டாம். 'லீக் ஆகுது பாருங்க' என்று சிலர் இதைக் காட்டுவார்கள். உயர் மின்னழுத்தத்தால் ஈர்க்கப்பட்டு ஒட்டிய எண்ணெய்த் துகள்தான் அது, பழுது இல்லை.

சுத்தம் செய்து திரும்பப் போடலாமே என்று அப்பா கேட்கக்கூடும். அவர் காலத்தில் அது சரிதான். டூ ஸ்ட்ரோக் சேத்தக்கிலும் டிவிஎஸ் 50-யிலும் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து எரிந்ததால் பிளக் அடிக்கடி அடைக்கும். உப்புத்தாளில் தேய்த்து, ஊதிவிட்டுப் போட்டால் வண்டி கிளம்பிவிடும். 2000-வது ஆண்டு வரை இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோலும் விற்பனையில் இருந்தது, அந்த ஈயமும் பிளக்கில் படிந்தது. இன்றைய காரில் அந்த அழுக்கெல்லாம் கிடையாது. இங்கே பிரச்சினை தேய்மானம், உப்புத்தாள் அதை இன்னும் அதிகமாக்கும். இரிடியத்தின் அரை மில்லிமீட்டர் முனையை பிரஷ்ஷால் தேய்த்தால் உடைந்தே போகலாம்.

நான்கில் ஒன்று மட்டும் மோசம் என்றாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். எல்லாம் ஒரே அளவு உழைத்தவைதான். லேபருக்கும் ஒரு முறை காசு கொடுத்தால் போதும். சில இன்ஜின்களில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழட்டினால்தான் பிளக்குக்கே கை போகும் என்பதால், அங்கே லேபர் கூடுதலாக வருவது நியாயம்தான்.

யூடியூப் பார்த்து நாமே மாற்றலாமா?

பிளக் மேலேயே தெரியும் இன்ஜின் என்றால் முடியும். ஆனால் இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை போய்விடும். மரை போனால் செலவு பிளக் விலையைவிடப் பல மடங்கு. கழட்டுவதற்கு முன் குழியில் இருக்கும் தூசியை ஊதி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். புதிய பிளக்கை முதலில் கையாலேயே திருக வேண்டும். இரண்டு சுற்றிலேயே இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சும், மேனுவலில் உள்ள அளவும் தேவை. 'நல்லா டைட்டா இருக்கட்டும்' என்று பலம் காட்டுவதுதான் இதில் பெரிய ஆபத்து. டார்க் ரெஞ்ச் இல்லை என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பிளக்கை வெளியே வாங்குவதாக இருந்தால் போலிகளைக் கவனிக்க வேண்டும். பிரபல பிராண்டுகளின் இரிடியம் பிளக் பாதி விலைக்கு ஆன்லைனில் கிடைக்கிறது என்றால், உள்ளே இருப்பது நிக்கல் முனையாக இருக்க வாய்ப்பு அதிகம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற ஸ்பேர் பார்ட்ஸ் தெருக்களிலும் பில் போட்டுத் தரும் டீலரிடம் வாங்குவதே பாதுகாப்பு.

கடைக்காரர் 'இந்த பிராண்ட் இல்லை, இது அதே நம்பர்தான்' என்று வேறொன்றைக் கொடுத்தால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியேற்றும் என்பதைக் குறிக்க ஒவ்வொன்றிலும் ஓர் எண் உண்டு. என்ஜிகே, டென்சோவில் எண் கூடக்கூட பிளக் அதிகக் குளிர்ச்சி. பாஷில் அப்படியே தலைகீழ், எண் கூடினால் பிளக் சூடாக ஓடும். ஒரு பிராண்டின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு வாங்கினால் தப்பான பிளக்தான் வந்து சேரும். மேனுவலில் இருக்கும் முழு நம்பரை, எழுத்துகளோடு சேர்த்து காட்டி, அதற்கு இணையான நம்பர் எது என்று அந்த பிராண்டின் கேட்டலாக்கில் பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் அந்த நம்பரையும், மாற்றிய நாளின் ஓடோமீட்டர் கணக்கையும் எழுதி வாங்கி, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை போன் வரும்போது தேடி எடுக்கலாம்.